முப்பத்தொன்றாம் தறி மாப்பிள்ளை

தாமல் ஜோசியர் ஜாதகத்தை மடித்து வைத்துவிட்டு, "பையன் எந்தப் பக்கம் பாத்து உக்காந்து வேலை செய்யறான்?" என்று கேட்டபோதே மணியம்மாளுக்குப் பகீரென்றது.

"தறி மேற்க பாத்துக்கினு இருக்குதுங்க."

"அதான் விஷயம். கல்யாணம் கெழக்கால இருந்து வருது. உம்புள்ள அதுக்கு முதுகக் காட்டிக்கினு உக்காந்திருக்கறான். வருது, பாக்குது, திரும்பிப் போயிடுது."

வந்த இடங்களெல்லாம் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனது மணியம்மாளுக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் சிட்டிபாபுவை அவள் பார்த்த பார்வையில், அவன் வேண்டுமென்றே மேற்கே பார்த்துத் திரும்பிக்கொண்டவன் போல ஆகிவிட்டான்.

"ஒரேய் நாயனா, நாளைக்கே கெழக்க பாத்த தறியா கேட்டு வாங்கிக்கடா."

"தறி என்ன பஸ் சீட்டாம்மா, ஜன்னல் ஓரம் வேணும்னு கேக்கறதுக்கு?"

"அப்ப முப்பது வயசுலயும் எங்கையால சோறு தின்னுக்கினு இரு."

மறுநாளே சிட்டிபாபு தறி கேட்கக் கிளம்பினான். அம்மாவின் கைச்சோறு சாப்பிட்டவர்கள் யாராக இருந்தாலும் கிளம்பியிருப்பார்கள்.

பெரிய காஞ்சிபுரத்தில் அன்னபட்சி சில்க்ஸ் என்றால் ஆட்டோக்காரர் கேள்வி கேட்காமல் கொண்டுபோய் விடுவார். முன்னால் கடை, பின்னால் தறிக்கூடம். அந்தக் கூடத்தில் ஆட்களுக்குப் பெயர் என்று ஒன்று இருந்தாலும் அதை யாரும் பயன்படுத்துவதில்லை. "பன்னெண்டு, டீ ஆறுது!" என்றால் சிட்டிபாபு எழுந்து போவான். "முப்பத்தொண்ணு இன்னிக்கு ஏன் உம்முனு இருக்குது?" என்றால் வீராசாமி வீட்டில் சண்டை என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகையில்கூட 'இருபத்திரண்டாம் தறி கந்தன்' என்று அச்சடித்தவர்கள் உண்டு. கந்தன்கள் மட்டும் அங்கே ஆறு பேர், வேறு வழியும் இல்லை.

முப்பத்தொன்றாம் தறி கிழக்கே பார்த்தது. அதில் நெய்துகொண்டிருந்த வீராசாமிக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, தறிய மாத்திக்கலாமா?" என்று சிட்டிபாபு தயங்கித் தயங்கிக் காரணத்தையும் சொன்னான்.

வீராசாமி வயிறு குலுங்கச் சிரித்தார். "எனக்கின்னாப்பா, இனிமே மேற்க பாத்தா இன்னா, மேல பாத்தா இன்னா? பாவு முடிஞ்சதும் மாறிக்கலாம். எனக்கு ஜோசியக்காரன் சொல்லாமயே கல்யாணம் ஆயிட்ச்சு. ஏன்தான் ஆச்சோ!"

இரண்டு தறியிலும் நீளவாட்டில் கட்டிய பழைய பாவு நூல் தீர்ந்து, நெய்த சேலையை அறுத்து எடுத்த நாளில் இருவரும் இடம் மாறினார்கள். ஆபீஸ் அறைக்குப் போய் ரேகை மெஷினில் ஆளுக்கொரு கட்டைவிரலை வைத்தார்கள். பன்னிரண்டில் இருந்த பெயர் முப்பத்தொன்றுக்கும், முப்பத்தொன்றில் இருந்த பெயர் பன்னிரண்டுக்கும் போனது.

"முடிஞ்சுதுண்ணே! ஒரு எடத்துல மாத்தினா போதும், எல்லா எடத்துலயும் தானா மாறிடும்" என்றாள் ரூக்ஷார்.

ரூக்ஷார் அங்கே கம்ப்யூட்டர் இன்சார்ஜ். 2006-ஆம் வருஷத்துப் பொங்கலுக்கு முதலாளி தேவராஜன் எல்லாரையும் கூட்டி வைத்து, அவள் கையில் மைக்கைக் கொடுத்து, புது ஏற்பாட்டைத் தொடங்கி வைத்திருந்தார். அதற்கு முன்னால் கேட்டில் ஒரு கம்ப்யூட்டர், கேன்டீனில் ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, வைத்தியக் கார்டுக்கு ஒன்று, வரவேற்பறையில் ஒன்று. ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம், ஒன்றோடு ஒன்று பேசாது. ஓர் ஆளின் பெயரில் மாற்றம் என்றால் ஐந்து இடத்தில் போய் மாற்ற வேண்டும். ரூக்ஷார் எல்லாவற்றையும் கம்பியால் இணைத்து, நடுவில் டைரக்டரி என்று ஒன்றை மாமியார் மாதிரி உட்கார வைத்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது மற்ற ஐந்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தன்னிடம் இருப்பதுபோலவே அங்கேயும் இருக்கிறதா என்று பார்க்கும். வேறு மாதிரி இருந்தால் அடித்துத் திருத்திவிட்டுப் போய்விடும்.

"ஒரு ஆள இன்னாருன்னு சிஸ்டத்துக்கு எப்டி அடையாளம் சொல்றது? பேர வெச்சு முடியாது, ஆறு கந்தன் இருக்கீங்க" என்று அன்றைக்கு மைக்கில் கேட்டாள்.

கூடமே ஒரே குரலில், "தறி நம்பர்!" என்று கத்தியது. அதிலே பலமாகக் கத்தியவன் சிட்டிபாபு.

ஜோசியர் வாக்குப் பொய்க்கவில்லை. கிழக்கே பார்த்து உட்கார்ந்து ஒரு முழம் நெய்வதற்குள் தென்னேரியிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பெண் பெயர் கோதா. வாலாஜாபாத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுக்கிறாள். பெண் பார்க்கப் போன இடத்தில் சிட்டிபாபு கேசரியைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "கேசரி ஆறுது" என்று அவள் சொன்னாள். அவள் அவனிடம் பேசியது அவ்வளவுதான். ஆனால் அதை அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

பாக்கி இருந்தது பெண்ணின் தாய்மாமா கோவர்தன் ஒருத்தர்தான். பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். யார் எதைச் சொன்னாலும், "காட்டு" என்பார். வெள்ளிக்கிழமை கம்பெனிக்கே வந்து மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் தட்டு மாற்றுவது என்று சொல்லியனுப்பியிருந்தார்.

"வரட்டுமே, எம்மேல இன்னா குத்தம் இருக்குது?" என்று சிட்டிபாபு, அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுக்கு லீவு விட்டு, தறி மாறியபின் முதல் தடவையாகக் கேன்டீனுக்கு நிம்மதியாகப் போனான்.

குற்றம் கேன்டீனில்தான் ஆரம்பித்தது. அவன் கார்டைத் தேய்த்ததும் மெஷின் 'பீப்' என்றது. பரிமாறுகிறவர் சோற்றைப் பாதியாகக் குறைத்து, பாகற்காயை இரட்டிப்பாக்கி, பாயசத்தைத் தாண்டிப் போனார்.

"அண்ணே, பாயசம்?"

"உனக்கு சுகர்னு காட்டுதுப்பா. ஒடம்பப் பாத்துக்க."

மறுநாள் வைத்தியப் பிரிவிலிருந்து ஒரு பொட்டலம் மாத்திரை வந்தது. காலை ஒன்று, ராத்திரி ஒன்று, மூட்டு வலிக்குத் தனியாக ஒரு தைலம். அதற்கு மறுநாள் செல்போனில் ஒரு செய்தி: 'அன்புள்ள சிட்டிபாபு, தங்கள் கண்புரை அறுவை சிகிச்சைக்கு மனைவியுடன் வரவும்.'

'மனைவியுடன்' என்கிற வார்த்தையை அவன் மூன்று தடவை படித்தான். கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது. பிறகுதான் 'கண்புரை' கண்ணில் பட்டது. நேரே ரூக்ஷாரிடம் ஓடினான்.

ரூக்ஷார் திரையைப் பார்த்தாள். நகத்தைக் கடித்தாள். "அல்லா!" என்றாள்.

"இன்னாம்மா?"

"அண்ணே, எல்லா மெஷின்லயும் ஆளுக்கு அடையாளம் தறி நம்பர்தானே? நீங்க தறி மாறினதும் உங்க பேரும், போட்டோவும், போன் நம்பரும் முப்பத்தொண்ணுக்குப் போய்ட்ச்சு. மத்ததெல்லாம் தறியிலயே இருக்குது."

"மத்ததெல்லாம்னா?"

"வயசு, சுகரு, கண்ணு..." என்று இழுத்து, "வடிவக்கா" என்று முடித்தாள்.

வடிவு, வீராசாமியின் மனைவி. தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

சிட்டிபாபு திரைக்குக் கிட்டே குனிந்தான். "நான் வடிவத்த வீட்டுக்காரரா?"

"மூணு பசங்க வேற. மூத்த பையனுக்கு உங்களவிட அஞ்சு வயசு ஜாஸ்தி."

"இத மாத்தும்மா! ஒரு எடத்துல மாத்தினா போதும்னு சொன்னியே!"

"அதாண்ணே பிரச்சனையே. ஒரு எடத்துல மாத்திட்டோம், எல்லா எடத்துலயும் மாறிட்ச்சு. சிஸ்டம் ரொம்ப கரெக்டா வேலை செய்யுது" என்றாள் ரூக்ஷார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வேண்டுமானால் பாருங்கள் என்று வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் மட்டும் அவன் வயதை முப்பது என்று தட்டினாள். மனைவி என்ற இடத்தைக் காலியாக்கினாள். சிட்டிபாபு பெருமூச்சு விட்டான். இருவரும் டீ குடித்து முடிப்பதற்குள் டைரக்டரி தன் சுற்றுக்கு வந்தது. திரை ஒரு சிமிட்டல் சிமிட்டியது. வயது அறுபது. மனைவி வடிவு. மாமியார் வந்து அடுக்களையைத் திருத்தி வைத்துவிட்டுப் போனது போல எல்லாம் பழையபடி இருந்தது.

"டைரக்டரில வயசு, வியாதி எதயும் யாரும் கையால திருத்த முடியாதபடி நானே பூட்டி வெச்சுட்டேன், ஒரு மாசம் டைம் குடுங்கண்ணே. தறிய விட்டுட்டு ஆளுக்கொரு சொந்த நம்பர் போட்டுடறேன். நம்பர் ஆளோட போவும், தறி தறியா இருக்கும்."

"ஒரு மாசமா! நாளைக்குப் பொண்ணோட மாமா வராரும்மா!"

"அப்ப ஒரே வழி. பேர மறுபடி பழைய தறிக்கே மாத்தணும். ரெண்டு பேரும் கட்டைவெரல் வெச்சாதான் அது நடக்கும். வீராசாமி பெரியவர கூட்டிக்கினு வாங்க. சேலைய அறுக்கற வரைக்கும் அங்கங்கயே நெய்யுங்க, பேரு மட்டும் திரும்பட்டும். முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

வீராசாமி பன்னிரண்டாம் தறியில் மேற்கே பார்த்து ஆனந்தமாக நெய்துகொண்டிருந்தார். மேலே மஞ்சள் பனியன். முதுகில் 'அன்னபட்சி இளைஞர் அணி' என்று எழுதியிருந்தது. சிட்டிபாபுவின் பனியன்தான் அது.

"வாப்பா! காலைல கூப்ட்டுக் குடுத்தாங்க. பன்னெண்டாம் தறிதான் ஓப்பனிங் பேட்ஸ்மேனாமே. சொல்லவே இல்ல?"

"மாமா, ஒரு கட்டைவெரல் வேணும்."

விஷயத்தை முழுதாகக் கேட்டுவிட்டு வீராசாமி கையிலிருந்த நூல் ஓடத்தை நிறுத்தினார். இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே ஜாங்கிரி.

"இத பாருடா சிட்டி. பதினஞ்சு வருஷமா பாவக்கா தின்னுக்கினு இருக்கேன். உங்கத்த கேன்டீன்ல வந்து சண்ட போட்டு, என் கார்டுல சுகர்னு ஏத்திட்டுப் போனா. இப்ப கார்டத் தேச்சா பாயசம் ஊத்தறான். 'இன்னும் வேணுமா தம்பி'ன்னு கேக்கறான். தம்பின்றான்டா என்ன!"

"உங்க அறுபது வயசுக்குக் கம்பெனி செய்யற மணிவிழா மாமா! நாளைக்கு உங்களுக்குத்தானே மாலை போடணும்? பட்டு வேட்டி வேற குடுப்பாங்க."

"வேட்டிய நீ கட்டிக்க. நாளைக்கு வெள்ளிக்கெழம, ஜாங்கிரி நாளு. அத மட்டும் எனக்கு வுடு."

"என் வாழ்க்க மாமா இது!"

"என் வாழ்க்கையும்தான்" என்று சொல்லி, வீராசாமி ஜாங்கிரியின் ஒரு சுற்றை உருவி வாயில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் சிட்டிபாபு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். கேட் வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

அறுபது வயதான தொழிலாளிக்கு அந்த வாரத்து வெள்ளிக்கிழமை வாசலில் பேனர் வைப்பது அன்னபட்சியில் வழக்கம். பிறந்த தேதியைக் கம்ப்யூட்டர் சொல்லும், போட்டோவையும் அதுவே கொடுக்கும். பேனர்காரர் அச்சடித்துக் கட்டிவிட்டுப் போவார். கேட் கார்டுக்காக எடுத்த, கண்ணை அகல விரித்த சிட்டிபாபுவின் முகம் ஓர் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே: 'மணிவிழா காணும் முப்பத்தொன்றாம் தறி சிட்டிபாபு - வடிவு தம்பதியர் பல்லாண்டு வாழ்க!'

வாட்ச்மேன் காஜா சல்யூட் அடித்தார். "வாழ்த்துகள் பெரியவரே. ஆளு நல்லா மெய்ன்டெயின் பண்ணியிருக்கீங்க."

"காஜா பாய், கிண்டல் பண்ற நேரமா இது? அவுருங்க இத!"

"முதலாளி ஆர்டர்பா. மால போட்டப்புறம்தான் அவுக்கணும்."

அப்போது பார்த்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு தோல்பை இறங்கியது, அதன் பின்னால் கோவர்தன் இறங்கினார், அவருக்குப் பின்னால், அவர் வேண்டாம் என்று சொல்லியும் கிளம்பி வந்திருந்த கோதா இறங்கினாள்.

சிட்டிபாபு பாய்ந்து போய்ப் பேனருக்கு முன்னால் கையை விரித்து நின்றான். தன் முகத்தைத் தன் முதுகாலேயே மறைத்தான். எழுத்தை மறைக்க முடியவில்லை, அது அவன் முழங்காலுக்குக் கீழே ஓடியது.

"வாங்க மாமா, வாங்க! வெயில் ஜாஸ்தி, உள்ள போயிடலாம்."

கோவர்தன் கண்ணாடியைச் சரிசெய்து குனிந்தார். "சிட்டிபாபு, மணிவிழா..."

"எங்க பக்கம் இந்தப் பேரு ஜாஸ்திங்க. வீதிக்கு ரெண்டு பேரு இருக்கறோம்."

கோதா நிமிர்ந்தாள். அவன் தலைக்கு மேலே பேனரில் தெரிந்த இரண்டு அகன்ற கண்களை ஒருமுறை பார்த்தாள், கீழே அதே மாதிரி அகன்றிருந்த இரண்டு கண்களைப் பார்த்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வரவேற்பறையில் ரூக்ஷார் தயாராக இருந்தாள். டைரக்டரி ஒரு சுற்று வந்துவிட்டுப் போன மறு நொடியில் அந்த ஒரு கம்ப்யூட்டரை மட்டும் திருத்தி வைத்திருந்தாள். பத்து நிமிஷம் இருக்கிறது, அதற்குள் இவரைக் கிளப்பிவிட வேண்டும்.

"காட்டு" என்றார் கோவர்தன்.

காட்டினாள். சிட்டிபாபு, வயது முப்பது, திருமணம் ஆகவில்லை, வியாதி எதுவும் இல்லை. கோவர்தன் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். முகம் மலர்ந்தது. "சுத்தமா இருக்குது. ரொம்ப சந்தோஷம்."

"அப்ப கெளம்பலாங்களா? ஆட்டோ கூப்பிடட்டுமா?" என்றான் சிட்டிபாபு.

"இருங்க மாப்ள, என்ன அவசரம்? காபி சாப்டலாம்."

மாப்பிள்ளை என்ற வார்த்தையில் சிட்டிபாபுவுக்கு உடம்பு புல்லரித்தது. காபி வந்தது. அந்தக் காபியை அவர் ஆற்றினார், ஊதினார், மறுபடி ஆற்றினார். திருத்தணி பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் வந்த ஒரு கல்யாணக் கோஷ்டியைத் தான் பிடித்த கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்தார். ரூக்ஷார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சிட்டிபாபு ரூக்ஷாரைப் பார்த்தான்.

"நம்ம சர்வீஸ்ல ஒரு பழக்கம்" என்று டம்ளரை வைத்தார் கோவர்தன். "ஏறும்போது ஒரு தபா பாப்போம், எறங்கும்போது ஒரு தபா பாப்போம். இன்னொரு தடவ காட்டும்மா."

திரை சிமிட்டியது.

கோவர்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். "ஏம்மா, இப்ப முப்பதுன்னு இருந்துதே? அறுபதுன்னு காட்டுது?"

"அது வந்து சார், ரிஃப்ரெஷ் ஆச்சு..."

"வருஷத்துக்கு ஒரு வயசு ஏறும், கேள்விப்பட்டிருக்கேன். ஒரு காபிக்கு முப்பது வயசு ஏறுமா? சுகரு, மூட்டு வலி, கண்புரை! மனைவி வடிவு! மூணு கொழந்தைங்க!"

ரூக்ஷார் பதறிப்போய் அவர் கண்ணெதிரிலேயே மறுபடி முப்பது என்று தட்டிவிட்டாள். அதைவிடப் பெரிய தப்பு அன்றைக்கு யாரும் செய்யவில்லை.

"பாத்தியா, பாத்தியா! எம்முன்னாலயே திருத்தறா! பழைய டிக்கெட்ல தேதிய அழிச்சுட்டு ஏர்றவன எத்தினி பேரப் பாத்திருக்கேன்!"

"மாமா, அதுல இருக்கறது நானில்ல, முப்பத்தொண்ணாம் தறி" என்றான் சிட்டிபாபு.

"நீ எந்தத் தறிப்பா?"

"முப்பத்தொண்ணாம் தறி."

கோவர்தன் தோல்பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் வரவேற்பறைக் கதவு சுவரில் போய் மோதியது. வாசலில் வடிவு. கையில் வைத்தியக் கார்டு.

"யாருடி அது, என்ன சிட்டிபாபு பொண்டாட்டின்னு எழுதி வெச்சது? கண்ணாஸ்பத்திரில போயி நிக்கறேன், 'உங்க வீட்டுக்காரர் சிட்டிபாபு வரலையா'ன்னு கேக்கறா அந்தப் பொண்ணு! எம்புள்ளய விடச் சின்னவன்டி அவன்! நான் தூக்கி வளத்த பையன்டி!"

"வடிவா?" என்றார் கோவர்தன் ஈனக்குரலில்.

"ஆமா, நான்தான் வடிவு. வாசல்ல பேனர் வேற! தெருவுல போறவனெல்லாம் சிரிக்கறான்! எங்க அவன்?"

சிட்டிபாபு கையைத் தூக்கினான்.

"கோதா, கெளம்பு. இந்தம்மாவே வந்து ஒத்துக்கினாங்க" என்றார் கோவர்தன்.

கோதா எழுந்திருக்கவில்லை. "இருங்க மாமா" என்றாள். "இந்தம்மா வீட்டுக்காரர் யாருன்னு கேட்டுட்டுப் போலாம்."

சிட்டிபாபுவின் காலுக்குக் கீழே தரை திரும்ப வந்தது. அவள் கேட்ட ஒரு கேள்வியில் அவனுக்கு மூளை வேலை செய்தது. வீராசாமி மாமாவின் கட்டைவிரலை அசைக்கக்கூடிய சக்தி உலகத்தில் ஒன்றுதான். அது இதோ எதிரிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. தூக்கி வளர்த்த அத்தை வேறு.

"அத்த, உங்க வீட்டுக்காரர் ஒரு வெரல் வெச்சா எல்லாம் சரியாயிடும். நான் காலப் புடிக்காத கொறயா கேட்டுட்டேன், மாட்டேங்கறாரு. ஏன் தெரியுமா?"

"ஏன்?"

"ஜாங்கிரி."

வடிவின் கையிலிருந்த வைத்தியக் கார்டு வளைந்தது.

"என்னது?" என்றாள் வடிவு, மிக மெதுவாக.

"இப்ப அவரு கார்டுல சுகர் இல்ல அத்த. என் கார்டுல இருக்குது. பாயசம், கேசரி, வெள்ளிக்கெழமன்னா..."

அவன் முடிப்பதற்குள் வடிவு தறிக்கூடத்துக்குள் போய்விட்டாள். அவள் நடந்த வரிசையில் தறிகளின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பிறகு கொஞ்ச நேரம் ஒரே ஒரு குரல் மட்டும் கேட்டது. பிறகு வீராசாமி வந்தார். மஞ்சள் பனியனில், தலைகுனிந்து, வாய் ஓரத்தில் ஒட்டியிருந்த ஆரஞ்சு நிறத்தோடு வந்தார்.

"வெரல் வைய்யா."

வைத்தார். மெஷின் 'ரேகை தெரியவில்லை' என்றது. மறுபடி வைத்தார். மறுபடி அதையே சொன்னது.

ரூக்ஷார் எட்டிப் பார்த்தாள். "பெரியவரே, பாகு."

வடிவு முந்தானையை எச்சில் தொட்டு, அந்தக் கட்டைவிரலைத் தோல் சிவக்கத் துடைத்தாள். "பதினஞ்சு வருஷமா இந்தாளக் காப்பாத்திக்கினு வரேன், பத்து நாள்ல கெடுத்து வெச்சிருக்குதுங்க" என்று கம்ப்யூட்டரையும் ஒரு பார்வை பார்த்தாள். மூன்றாம் முறை மெஷின் பச்சை விளக்கைக் காட்டியது. சிட்டிபாபு தன் விரலை வைத்தான்.

"முடிஞ்சுதுண்ணே. வயச நானும் இனிமே தொட மாட்டேன். டைரக்டரியே வந்து மாத்தட்டும், எல்லாரும் பாருங்க" என்று ரூக்ஷார் கையைக் கட்டிக்கொண்டாள்.

எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோவர்தன் தன் வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி தேவராஜன் உள்ளே வந்தார். பின்னால் இரண்டு பேர் தட்டோடும் மாலையோடும் வந்தார்கள். அவர் பட்டில் ஓர் இழை தப்பினால் கண்டுபிடிப்பார், ஆள் முகம் மட்டும் ஞாபகம் நிற்காது. வாசல் பேனரைப் பார்த்துவிட்டு வந்ததால் அன்றைக்குச் சந்தேகமே இல்லை. நேரே சிட்டிபாபுவிடம் வந்து கழுத்தில் மாலையைப் போட்டார்.

"பல்லாண்டு வாழணும் சிட்டிபாபு. எங்க உங்க சம்சாரம்?"

சிட்டிபாபு மாலைக்குள்ளிருந்து தலையை வெளியே எடுக்கப் பார்த்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற ஒரே பெண் கோதா.

"ஓ, இவங்கதானா? வணக்கம்மா" என்று முதலாளி இரண்டாவது மாலையை அவள் கையில் கொடுத்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு புள்ள பெத்தவங்கன்னு சொல்லவே முடியாது. எல்லாம் நம்ம வைத்தியக் கார்டோட மகிமை."

கோதாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. மாலையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். வீராசாமி சிரித்தார். வடிவு முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மாறிட்ச்சு!" என்று ரூக்ஷார் கத்தினாள்.

எல்லாரும் திரும்பினார்கள். பன்னிரண்டாம் தறி, சிட்டிபாபு, வயது முப்பது, மனைவி என்ற இடம் காலி. முப்பத்தொன்றாம் தறி, வீராசாமி, வயது அறுபது, மனைவி வடிவு, சர்க்கரை. கேன்டீன் பக்கமிருந்து ஒரு 'பீப்' கேட்டது. வீராசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

கோவர்தன் நகரவில்லை. "இன்னொரு பத்து நிமிஷம் பாக்கலாம்" என்றார். பார்த்தார். திரை சிமிட்டியது. முப்பது முப்பதாகவே இருந்தது. அவர் வாட்சை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டு, "செல்லும்" என்றார்.

மாலை இடம் மாறியது, பட்டு வேட்டி இடம் மாறியது. மஞ்சள் பனியனையும் வடிவு அங்கேயே கழற்றச் சொன்னாள். முதலாளி விஷயம் புரியாமலேயே எல்லாரையும் மறுபடி ஒருமுறை வாழ்த்திவிட்டுப் போனார்.

ஆட்டோ வரைக்கும் வழியனுப்பச் சிட்டிபாபு கூடவே போனான். வாசலில் காஜா ஏணி மேல் ஏறிப் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவனுடைய முகம் ஒரு பக்கமாகத் தொங்கியது.

"மெஷின்ல எல்லாத்தயும் மாத்திட்டாங்க, இத மட்டும் மாத்த முடியாதுப்பா. அச்சடிச்சது அடிச்சதுதான். குப்பையில போட்டுடட்டுமா?" என்றார் காஜா.

"போட்றாதீங்க" என்றாள் கோதா.

ஆட்டோவுக்குள் ஒரு காலை வைத்திருந்த கோவர்தன் திரும்பினார். கோதா அவரைப் பார்க்கவில்லை. பேனரைத்தான் பார்த்தாள்.

"சுருட்டிப் பத்தரமா வெச்சுக்கச் சொல்லுங்க" என்று சிட்டிபாபுவிடம் சொன்னாள். "முப்பது வருஷம் கழிச்சு நமக்கு வேணும்."

அவனுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. பிறகு அவன் முகம் பேனரில் இருந்ததைவிட அகலமானது.

கோதா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, 'வடிவு' என்ற எழுத்தை விரலால் காட்டினாள்.

"ஒரு எடத்துல மாத்தினா போதும்."